சி டிரைவ் சிவப்பாயிடுச்சு, ஹைபர்னேட்டை ஆஃப் பண்ணலாமா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னதையும், நடுவில் கேட்ட மெட்ரோ வேலைச் சத்தத்தையும் நீக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு சிறுசேரியிலிருந்து பேசுறேன். சிப்காட் ஐடி பார்க்குக்குள்ளதான் ஆபீஸ். வெளியில மாதவரம் – சிறுசேரி மெட்ரோ வேலை நடக்குது, அதனால ஜன்னலை மூடிட்டுத்தான் ரெக்கார்ட் பண்றேன்.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "சி டிரைவ் சிவப்பாயிடுச்சு. ஹைபர்னேட்டை ஆஃப் பண்ணா ஆறு ஜிபி கிடைக்கும்னு ஒரு ரீல்ஸ்ல பார்த்தேன். பண்ணலாமா?"

சுருக்கமான பதில்: டெஸ்க்டாப்னா பெரும்பாலும் பண்ணலாம். லேப்டாப்னா கொஞ்சம் பொறுங்க. நீளமான பதில்தான் இந்த எபிசோட். நான் இதை ஒரு மெஷின்ல பண்ணல. ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஆபீஸ்ல எங்க டீம் மெஷின்கள் அத்தனையிலும் ஒரே நாள்ல பண்ணினேன். அதுல ஒருத்தவங்களோட ஒரு சாயங்கால உழைப்பு காணாமப் போச்சு. அதையும் இன்னைக்குச் சொல்லிடறேன்.

முதல்ல, அந்த ஆறு ஜிபி எங்கிருந்து வருது?

சி டிரைவோட முதல் மட்டத்துலேயே ஹைபர்ஃபில் டாட் சிஸ்னு ஒரு ஃபைல் இருக்கு. சாதாரணமாக் கண்ணுக்குத் தெரியாது. மறைச்சு வெச்ச சிஸ்டம் ஃபைல். வியூ செட்டிங்ஸ்ல போய் அதையெல்லாம் காட்டச் சொன்னாத்தான் தெரியும். தெரிஞ்சாலும் கையால டெலீட் பண்ண முடியாது, விண்டோஸ் விடாது.

இந்த ஃபைலோட அளவு உங்க ராமைப் பொறுத்தது. விண்டோஸ் 7 காலத்துல ராம்ல 75 சதவீதம். இப்போ விண்டோஸ் 10, 11ல வழக்கமா 40 சதவீதம். கணக்கு சுலபம். 8 ஜிபி ராம்னா 3.2 ஜிபி, 16 ஜிபின்னா 6.4 ஜிபி, 32 ஜிபின்னா 12.8 ஜிபி. ரீல்ஸ்காரர் சொன்ன ஆறு ஜிபி, 16 ஜிபி ராம் வெச்சிருக்கிறவங்களுக்கான கணக்கு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மெஷின் மெதுவா இருக்குன்னு ரிச்சி ஸ்ட்ரீட் போய் ராமை 8லேர்ந்து 16 ஆக்கினா, வீட்டுக்கு வந்து பார்க்கும்போது சி டிரைவ்ல மூணு ஜிபி குறைஞ்சிருக்கும். காசு கொடுத்து ராம் வாங்கினோம், அது டிஸ்க்கைச் சாப்பிட்டிருக்கு.

512 ஜிபி எஸ்எஸ்டி வெச்சிருக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயமே இல்ல. ஆனா 128 ஜிபி எஸ்எஸ்டின்னா கதை வேற. 128னு பெட்டியில போட்டிருந்தாலும் விண்டோஸ் காட்டுறது சுமார் 119தான். அதுல சிஸ்டம், ஆபீஸ், ரெண்டு மூணு டெவலப்மென்ட் டூல் போட்டா மிச்சம் ரொம்பக் கொஞ்சம். அந்த இடத்துல 6.4 ஜிபி பெருசாத் தெரியும்.

ஸ்லீப், ஹைபர்னேட், ஷட் டவுன்: சமையலறைக் கணக்கு

அடுப்புல சாம்பார் கொதிக்குதுன்னு வெச்சுக்கோங்க. நீங்க வெளியே போகணும்.

ஸ்லீப்ங்கறது, அடுப்பைச் சிம்மில வெச்சிட்டுப் போறது. திரும்பி வந்ததும் சூடா இருக்கும். ஆனா கொஞ்சம் கொஞ்சமா கேஸ் போய்க்கிட்டே இருக்கும். சிலிண்டர் தீர்ந்தா, அவ்ளோதான். கம்ப்யூட்டர்ல அந்த சிலிண்டர்தான் பேட்டரி. நீங்க திறந்து வெச்ச எல்லாமே ராம்ல இருக்கு. ராமுக்குக் கரண்ட் நின்னா உள்ள இருக்கிறது மொத்தமும் போயிடும்.

ஹைபர்னேட்ங்கறது, சாம்பாரை அப்படியே பாத்திரத்தோட ஃப்ரிட்ஜ்ல வெச்சிட்டு அடுப்பை அணைச்சிட்டுப் போறது. கேஸ் செலவே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு வந்தாலும் சாம்பார் இருக்கும். எடுத்துச் சூடு பண்ண கொஞ்சம் நேரம் ஆகும். (ஃப்ரிட்ஜுக்கும் கரண்ட் வேணுமேன்னு கமென்ட் போடாதீங்க, உதாரணத்தை அதுக்கு மேல இழுக்க முடியாது.) ராம்ல இருக்கிறதை டிஸ்க்குல எழுதி வெச்சிட்டு மெஷின் முழுசா அணைஞ்சிடும்.

ஷட் டவுன்ங்கறது, பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டுப் போறது.

இப்போ ஹைபர்ஃபில்ங்கறது என்ன? ஃப்ரிட்ஜ்ல அந்தப் பாத்திரத்துக்காக எப்பவும் காலியா வெச்சிருக்கிற தட்டு. நீங்க வைக்கிறீங்களோ இல்லையோ, அந்தத் தட்டு ஒதுக்கப்பட்டிருக்கும். ஹைபர்னேட்டை ஆஃப் பண்றதுன்னா அந்தத் தட்டை எடுத்து வேற சாமான் வைக்கிறது. இடம் கிடைக்கும். ஆனா கேஸ் தீருற அன்னைக்கு சாம்பாரை வைக்க இடம் இருக்காது.

நான் ஹைபர்னேட் பண்ணதே இல்லையேன்னு சொல்றவங்களுக்கு

ஸ்டார்ட் மெனுவுல ஹைபர்னேட்னு ஒரு பட்டனே நிறைய பேருக்குத் தெரியாது. அப்போ யார் அந்த ஃபைலைப் பயன்படுத்துறா? நீங்க கேட்காமலேயே மூணு பேர் பயன்படுத்துறாங்க.

ஒண்ணு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012ல விண்டோஸ் 8ஓட வந்தது. ஷட் டவுன் கொடுத்தா, உங்க ஆப்ஸ் எல்லாத்தையும் மூடிட்டு, விண்டோஸோட மையப் பகுதியை மட்டும் ஹைபர்னேட் பண்ணி வைக்கும். அதனாலதான் அடுத்த நாள் சீக்கிரம் ஆன் ஆகுது. டெய்லி ஷட் டவுன் பண்றேன்னு நீங்க சொன்னாலும் டாஸ்க் மேனேஜர்ல அப்டைம் பத்து நாள்னு காட்டுறதுக்குக் காரணமும் இதுதான். சப்போர்ட்ல "ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஷட் டவுன் வேணாம்"னு சொல்றதுக்கும் இதுவே காரணம். ரீஸ்டார்ட் மட்டும்தான் முழுசா, புதுசா ஆரம்பிக்கும்.

ரெண்டு, டெஸ்க்டாப்ல ஹைப்ரிட் ஸ்லீப். ஸ்லீப் போகும்போதே ஒரு காப்பியை டிஸ்க்குலயும் எழுதி வெச்சுக்கும். கரண்ட் இருந்தா ராம்லேர்ந்து டக்குனு எழுந்திருக்கும். நடுவுல கரண்ட் போனா டிஸ்க்குலேர்ந்து எடுத்துக்கும்.

மூணு, லேப்டாப்போட கடைசித் தற்காப்பு. மூடியை மூடினா லேப்டாப் ஸ்லீப் போகுது. புது லேப்டாப்கள்ல மாடர்ன் ஸ்டாண்ட்பைனு ஒண்ணு இருக்கு, போன் மாதிரி உள்ள லேசா முழிச்சிக்கிட்டே இருக்கும். பேக்ல வெச்ச லேப்டாப் சூடா இருக்கிறதை நிறைய பேர் கவனிச்சிருப்பீங்க. பேட்டரி ரொம்ப இறங்கினா விண்டோஸ் தானா ஹைபர்னேட்டுக்குப் போய் எல்லாத்தையும் டிஸ்க்குல பத்திரப்படுத்திட்டு அணைஞ்சிடும். நீங்க சார்ஜர் போட்டுத் திறந்தா விட்ட இடத்துலேயே இருக்கும். அதனால அது நடந்ததே உங்களுக்குத் தெரியாது.

நான் மறந்தது இந்த மூணாவதைத்தான்.

நான் எழுதின ஸ்கிரிப்ட்

2025 நடுவுல நடந்தது. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடியுது, அதுக்குள்ள எல்லா மெஷினையும் 11க்கு மாத்தணும்னு ஆபீஸ்ல ஓட்டம். எங்க டீம்ல நிறைய மெஷின் 128 ஜிபி எஸ்எஸ்டி. அப்கிரேட் ஓட்டினா "இடம் பத்தல"ன்னு நின்னுடுது. டீம்ல ஸ்கிரிப்ட் எழுதத் தெரிஞ்சவன் நான். "பார்த்துக்கறேன்"னு கை தூக்கினேன்.

கட்டளை ஒரே வரிதான். பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் ஹெச், ஒரு ஸ்பேஸ், ஆஃப். அட்மின் உரிமையோட ஓட்டணும். என்டர் தட்டின அடுத்த நொடி ஹைபர்ஃபில் காணாமப் போகும், இடம் திரும்ப வரும். திரும்ப வேணும்னா ஆஃபுக்குப் பதிலா ஆன்.

அதை ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட்ல போட்டு, டாஸ்க் ஷெட்யூலர்ல வாரம் ஒரு தடவை ஓடற மாதிரி வெச்சேன். வாரா வாரம் ஏன்னா, பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் சில மெஷின்ல இந்த செட்டிங் திரும்ப ஆன் ஆகியிருந்ததைப் பார்த்திருந்தேன். புதன்கிழமை மதியம் எல்லா மெஷினுக்கும் அனுப்பினேன். சாயங்காலம் ரிப்போர்ட் பார்த்தா எல்லாம் பச்சை. மேனேஜர் குரூப்ல கை தட்டுற எமோஜி போட்டார். அன்னைக்கு நாவலூர்ல டீ குடிக்கும்போது நானே எனக்கு ஒரு சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை

எங்க டெஸ்டிங் டீம்ல ஒரு அக்கா இருக்காங்க. மேற்குத் தாம்பரம் வீடு. வண்டலூர் – கேளம்பாக்கம் ரோடு வழியா கேப்ல வர்றவங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம், திங்கட்கிழமை கிளையன்ட் காலுக்காக ஒரு மாட்யூலை முழுசா டெஸ்ட் பண்ணி, பார்த்ததையெல்லாம் நோட்பேட்ல வரிசையா அடிச்சு வெச்சிருந்தாங்க. விண்டோஸ் 10ல இருந்த பழைய நோட்பேட். அது தானா எதையும் சேமிக்காது. கேப் வந்துடுச்சுன்னு போன் வந்ததும் மூடியை மூடி பேக்ல போட்டுக் கிளம்பிட்டாங்க. சனி, ஞாயிறு பேக்லேயே இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ்ல திறந்தா ஆன் ஆகல. சார்ஜர் போட்டு ஆன் பண்ணினா புதுசா லாகின் கேட்குது. உள்ள நோட்பேட் இல்ல, பிரௌசர் டேப் இல்ல, ஒண்ணும் இல்ல. பதினோரு மணிக்குக் கால்.

என்கிட்ட வந்து சொன்னாங்க. நான் முதல்ல கேட்ட கேள்வி: "சேவ் பண்ணலையாக்கா?"

அவங்க சத்தமெல்லாம் போடல. "மூணு வருஷமா மூடி வெச்சிட்டுத்தான் போறேன். இதுவரைக்கும் எங்கேயும் போகலையே"ன்னாங்க.

அந்த வாக்கியம்தான் எனக்கு உறைச்சது. மூணு வருஷமாப் போகாதது இந்த வாரம் ஏன் போச்சு? ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். கெர்னல் பவர், 41ம் நம்பர். மெஷின் முறையா அணையாம நின்னுபோனா எழுதப்படற பதிவு. அப்புறம் என் ஸ்கிரிப்டோட லாகைத் திறந்தேன். புதன்கிழமை மதியம், அவங்க மெஷின் பேரு, பச்சை.

அந்த மூணு வருஷமும் எத்தனை வெள்ளிக்கிழமை அவங்க பேட்டரி தீர்ந்திருக்குமோ. அப்போவெல்லாம் ஹைபர்னேட் அதைக் காப்பாத்தியிருக்கு. அந்தக் காவலை எடுத்தவன் நான். எடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. சொல்லாம எடுத்துட்டு, போனதுக்கு அப்புறம் அவங்களைப் பார்த்து சேவ் பண்ணலையான்னு கேட்டிருக்கேன்.

"அக்கா, தப்பு என்னோடது"ன்னு லாகைக் காட்டிச் சொன்னேன். மேனேஜர்கிட்டயும் நானே போய்ச் சொன்னேன். காலைச் சாயங்காலத்துக்குத் தள்ளினாங்க. நானும் அக்காவும் உட்கார்ந்து ஸ்கிரீன்ஷாட்டை வெச்சு எல்லாத்தையும் திரும்ப எழுதினோம். சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து ஆறு மணி நேரம். ஆறு ஜிபிக்கு ஆறு மணி நேரம்னு அக்கா இப்பவும் கிண்டல் பண்ணுவாங்க.

ரெண்டாவது தப்பு: ரெட்யூஸ்டு

அன்னைக்கே எல்லா லேப்டாப்லயும் திரும்ப ஆன் பண்ணியிருக்கணும். பண்ணல. ஒரு நடுவழி இருக்குன்னு நினைச்சேன். பவர்சிஎஃப்ஜில ஸ்லாஷ் ஹெச், ஸ்லாஷ் டைப், ரெட்யூஸ்டுன்னு கொடுத்தா ஹைபர்ஃபில் பாதியாயிடும். 40 சதவீதத்துக்குப் பதிலா 20. 16 ஜிபி ராம்ல 6.4 போய் 3.2 ஆகும். ரெண்டு பக்கமும் திருப்தின்னு தோணிச்சு.

இந்த முறை அனுப்புறதுக்கு முன்னாடி என் மெஷின்லேயே போட்டுப் பார்த்தேன். பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஏ-ன்னு ஒரு கட்டளை இருக்கு. இந்த மெஷின்ல எந்தெந்தத் தூக்கம் கிடைக்கும், எது கிடைக்காதுன்னு பட்டியல் போடும். ரெட்யூஸ்டு போட்டதுக்கு அப்புறம் பார்த்தா, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கு, ஹைபர்னேட் 'கிடைக்காது' பக்கத்துல போயிடுச்சு.

யோசிச்சா நியாயம்தான். சின்ன தட்டுல விண்டோஸோட மையப் பகுதி மட்டும்தான் கொள்ளும், நீங்க திறந்து வெச்சது எல்லாம் கொள்ளாது. அதனால லேப்டாப் பேட்டரி பாதுகாப்பைப் பொறுத்தவரை ரெட்யூஸ்டும் ஆஃபும் ஒண்ணுதான். நெட்ல நிறைய இடத்துல இதை நடுவழின்னு சொல்றாங்க. டெஸ்க்டாப்புக்கு அது நடுவழி, லேப்டாப்புக்கு இல்ல.

இன்னொரு சிக்கல்: யாராவது முன்னாடியே ஸ்லாஷ் சைஸ் போட்டு அளவை மாத்தி வெச்சிருந்தா ரெட்யூஸ்டு வேலை செய்யாது. முதல்ல சைஸை பூஜ்யமாக்கிட்டுத்தான் டைப்பை மாத்தணும்.

இப்போ ஓடுற ஸ்கிரிப்ட் எப்படி முடிவெடுக்குது

இது லேப்டாப்பா? இதான் முதல் கேள்வி. பேட்டரி இருக்கான்னு பார்த்தாப் போதும்னு நினைப்பீங்க, நானும் நினைச்சேன். ஆனா யுபிஎஸ்ஸை யுஎஸ்பில சொருகியிருந்தா அந்த டெஸ்க்டாப்புக்கும் பேட்டரி இருக்கிறதாத்தான் விண்டோஸ் காட்டும். அதனால சேசிஸ் டைப்பைப் பார்க்கிறேன். மெஷினோட உடம்பு என்ன வகைன்னு ஒரு நம்பர். 8, 9, 10, 14, 30, 31, 32 இதுல எதுவா இருந்தாலும் கையில தூக்கிட்டுப் போற மெஷின். ஸ்கிரிப்ட் அங்கேயே நின்னுடும், தொடாது.

லேப்டாப் இல்லன்னா, சி டிரைவ்ல எவ்வளவு காலி? 15 சதவீதத்துக்கு மேல இருந்தா எதுக்குத் தொடணும்? விட்டுடும்.

அதுக்கும் கீழ இருந்தா, யுபிஎஸ் இருக்கிற டெஸ்க்டாப்பான்னு ஒரு பட்டியலைப் பார்க்கும். இருந்தா ஆஃப். இல்லாத மெஷின்ல ஹைப்ரிட் ஸ்லீப் தேவைப்படலாம், அதனால அந்த மெஷின்காரர்கிட்டக் கேட்காம எதுவும் நடக்காது. இந்தப் பட்டியல் கையால எழுதினது. இதையும் ஆட்டோமேட் பண்ணலாமேன்னு கேட்டாங்க. யார் மேஜைக்கு அடியில யுபிஎஸ் இருக்குன்னு எழுந்து போய்ப் பார்க்க அரை மணி நேரம் ஆச்சு. அதுக்கு ஸ்கிரிப்ட் எழுதினா ரெண்டு நாள் ஆகும்.

அடுத்து, ஏற்கனவே ஆஃப்ல இருக்கான்னு பார்க்கும். இருந்தா எதையும் செய்யாது. ஒரே ஸ்கிரிப்ட் பத்து தடவை ஓடினாலும் ஒரு தடவை ஓடின மாதிரிதான் விளைவு இருக்கணும். வாராவாரம் ஓடுற எதுக்கும் இது அடிப்படை.

கடைசியா, முதல் வாரம் மாத்தாம 'மாத்தியிருந்தா என்ன ஆகும்'னு பட்டியல் மட்டும் எழுதும். அந்தப் பட்டியல் மெஷின்காரங்களுக்கு மெயில்ல போகும். ஒரு வாரம் கழிச்சுத்தான் உண்மையா மாத்தும். மாத்துறதுக்கு முன்னாடி என்ன இருந்ததுன்னும் எழுதி வைக்கும், திருப்பணும்னா திருப்ப.

அப்போ லேப்டாப்ல இடத்துக்கு என்ன பண்ணினோம்?

அந்த திங்கட்கிழமைக்கு அப்புறம்தான் எல்லா லேப்டாப்லயும் உண்மையிலேயே எது இடத்தைப் பிடிச்சிருக்குன்னு அளந்து பார்த்தேன். முதல்லேயே செஞ்சிருக்க வேண்டியது. என் மெஷின்ல மட்டும் டாக்கர் இமேஜ், பழைய பில்டு கேஷ், ஆறு புராஜெக்டோட நோட் மாட்யூல்ஸ்னு முப்பது ஜிபிக்கு மேல குப்பை. லினக்ஸுக்காக டபிள்யூஎஸ்எல் வெச்சிருக்கிறவங்க கவனிங்க: அதோட வர்ச்சுவல் டிஸ்க் ஃபைல் பெருசாகும், உள்ள நீங்க அழிச்சாலும் தானா சின்னதாகாது. அதைத் தனியா சுருக்கணும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் பத்திச் சொல்லவே வேணாம்.

இதையெல்லாம் தட்டினதுல பெரும்பாலான மெஷின் 11க்கு ஏறிடுச்சு. ஹைபர்னேட் இருக்கும்போதே ஏறிச்சு. 6.4 ஜிபியைத் தேடி நான் போனதுக்குக் காரணம், அதுக்கு ஒரே வரிக் கட்டளை இருந்தது. சுலபமா எடுக்க முடியுதுன்னா அது தேவையில்லாததுன்னு நம்ம மனசு முடிவு பண்ணிடுது.

டூயல் பூட்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை

இங்க ஒரு ஃப்ளாஷ்பேக். 2011 செப்டம்பர் 15, அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வெச்சார். எல்காட் மூலமா வாங்கிக் கொடுத்த லேப்டாப்கள். அதுல விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்தது. நான் பிளஸ் டூ படிக்கும்போது எனக்கும் ஒண்ணு கிடைச்சது. எங்க வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்.

எனக்கு லினக்ஸ் பழக்கமானதே அதுலதான். விண்டோஸை ஹைபர்னேட்ல போட்டுட்டு பாஸுக்குள்ள போனா, விண்டோஸ் டிரைவ்ல இருக்கிற படத்தைப் பார்க்கலாம், ஆனா எதையும் எழுத முடியாது. வைரஸ்னு நினைச்சு பயந்தேன். உண்மையில லினக்ஸ் நம்மைக் காப்பாத்துது. ஹைபர்னேட்ல இருக்கிற விண்டோஸ், தன் டிஸ்க் எப்படி இருந்ததுன்னு மனசுல வெச்சுக்கிட்டுத் தூங்குது. நடுவுல வேற ஒருத்தர் வந்து மாத்திட்டா, எழுந்ததும் பழைய நினைப்புல எழுதி ஃபைல் சிஸ்டத்தையே கெடுத்துடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வந்ததுக்கு அப்புறம் ஷட் டவுன் பண்ணினாலும் இதே கதைதான்.

டூயல் பூட் வெச்சிருந்தா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மட்டும் ஆஃப் பண்ணுங்க. கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ்ல தனி டிக் இருக்கு. ஹைபர்னேட் இருக்கட்டும். ஆனா ஹைபர்னேட்ல இருக்கும்போது லினக்ஸுக்குள்ள போய் அந்த டிரைவ்ல கை வைக்காதீங்க.

கரண்டும் பாதுகாப்பும்

2012ல சென்னையில தினம் ரெண்டு மணி நேரம் கரண்ட் கட். வெளி மாவட்டங்கள்ல அதை விடப் பல மடங்கு. அந்த அளவுக்கு இப்போ இல்லதான். ஆனா மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில போனா மதியம்தான் வரும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கமெல்லாம் நாள் கணக்கா இல்ல. வொர்க் ஃப்ரம் ஹோம்காரங்க யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் வெச்சிருந்தா, மூணு ஜிபிக்காக ஹைப்ரிட் ஸ்லீப்பை இழக்கிறது லாபமான்னு நீங்களே கணக்குப் போடுங்க.

மறுபக்கமும் ஒண்ணு இருக்கு. ஹைபர்ஃபில்ங்கறது உங்க ராமோட நகல். திறந்திருந்த மெயில், பாஸ்வேர்டு எல்லாம் அதுக்குள்ள இருக்கலாம். டிஸ்க் என்க்ரிப்ட் ஆகலைன்னா, லேப்டாப் திருடு போனா அந்த ஃபைலை ஆராய்ஞ்சு எடுக்க முடியும். அதுக்குத் தீர்வு ஹைபர்னேட்டை எடுக்கிறது இல்ல, பிட்லாக்கரை ஆன் பண்றது. மத்த ஃபைலையும் அது சேர்த்துக் காப்பாத்தும்.

மேக் வெச்சிருக்கிறவங்க கேட்பீங்க. அங்கயும் இதே மாதிரி ஸ்லீப் இமேஜ்னு ஒரு ஃபைல் இருக்கு. மேக்புக்ல வழக்கமான முறை, ராம்லயும் வெச்சுக்கிட்டு டிஸ்க்குலயும் ஒரு நகல் எழுதறது. பிஎம்செட் கட்டளையால மாத்தலாம். ஆனா நான் இதுவரை சொன்ன காரணத்துக்காகவே, மேக்புக்ல அதைத் தொடாதீங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி

நீங்க இன்னைக்குச் செய்ய வேண்டியது இவ்ளோதான். லேப்டாப்னா பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஏ போட்டு, ஹைபர்னேட் கிடைக்குதான்னு பாருங்க. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து எப்பவோ ஆஃப் பண்ணியிருந்தா ஆன் பண்ணுங்க. யுபிஎஸ் இருக்கிற டெஸ்க்டாப்னா, இடம் உண்மையிலேயே பத்தலைன்னா மட்டும் ஆஃப் பண்ணுங்க. நாலு பேர் மெஷினுக்குச் சேர்த்துப் பண்ணப் போறீங்கன்னா, அந்த நாலு பேர்கிட்ட முதல்ல சொல்லுங்க.

எங்க டீம்ல இப்போ ஒரு வழக்கம் இருக்கு. நான் எல்லாருக்கும் போற எந்த ஸ்கிரிப்ட் எழுதினாலும், அனுப்புறதுக்கு முன்னாடி அந்த அக்கா மேஜைக்குப் போய் என்ன பண்ணப் போறேன்னு சொல்வேன். அவங்களுக்கு பவர்ஷெல் தெரியாது. ஒரே கேள்விதான் கேட்பாங்க: "இதனால எனக்கு இப்போ தானா நடந்துக்கிட்டிருக்கிற எது நடக்காமப் போகும்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்லாத அன்னைக்கு ஸ்கிரிப்ட் போகாது. இதுவரைக்கும் ரெண்டு தடவை போகல.

சரி மக்களே, இந்த எபிசோட் எழுத்தை லேப்டாப்ல படிச்சிட்டிருந்தீங்கன்னா, மூடியை மூடுறதுக்கு முன்னாடி கன்ட்ரோல் எஸ் ஒரு தடவை தட்டிடுங்க. ஹைபர்னேட் இருந்தாலும் தட்டுங்க. அடுத்த எபிசோட்ல டபிள்யூஎஸ்எல் டிஸ்க்கை எப்படிச் சுருக்குறதுன்னு பார்ப்போம். வரேன்.